வழக்குரைக்கும் பெண்: தமிழ்த் திரைப்படங்களில் பெண்கூற்றும் அதன் மதிப்பீடும் (1939–1964)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள் பெண்ணைக் கண்ணீர் சிந்துபவளாகவே காட்டின என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்காலப் படங்களில் பெண் ஊமையாக இருக்கவில்லை. நீதிமன்றத்திலும் அரசவையிலும் காவல்துறையின் விசாரணையிலும் அவள் நீண்ட நேரம் பேசுகிறாள். அவள் யாருக்காகப் பேசினாள், அப்பேச்சை எவ்வகை முடிவு சூழ்ந்து நின்றது, எவ்வகைப் பேச்சு பாராட்டப்பட்டது என்பனவே ஆராயத்தக்க வினாக்கள். தியாகபூமி (1939), கண்ணகி (1942), பராசக்தி (1952), அந்த நாள் (1954), இரத்தக்கண்ணீர் (1954), நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), பூம்புகார் (1964) ஆகிய ஏழு படங்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெண்கூற்று, வழக்குரை, தியாகபூமி, பராசக்தி, கண்ணகி, திரை விமர்சனம், பட்டப்பெயர்கள்

முன்னுரை

தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படும் காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அதில் நாயகியாக நடித்த டி.பி. இராஜலட்சுமி, தாம் எழுதிய கமலவல்லி என்னும் புதினத்தை அடிப்படையாகக் கொண்டு 1936இல் மிஸ் கமலா என்னும் படத்தை இயக்கினார். பேசும்படம் தோன்றிய ஐந்தாண்டுகளுக்குள்ளேயே ஒரு பெண் கதையாசிரியராகவும் இயக்குநராகவும் செயல்பட்டிருக்கிறார். பி. பானுமதி 1953இல் சண்டிராணியை இயக்கினார். ஆயினும் இத்தகைய முயற்சிகள் தொடர்ச்சியான மரபாக வளரவில்லை. பெண் பாத்திரங்களுக்கான சொற்களைப் பெரும்பாலும் ஆண்களே எழுதினர்; அவற்றைப் பற்றிய மதிப்புரைகளையும் பெரும்பாலும் அவர்களே எழுதினர். எனவே இக்காலத் திரைப்படத்தில் பெண்ணின் பேச்சை ஆராய்வது, பெண்ணின் பேச்சு எவ்வாறு இருக்கவேண்டும் என்று ஒரு சமூகம் விரும்பியது என்பதை ஆராய்வதுமாகும்.

கூற்று என்னும் அளவுகோல்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுகிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்தில் அப்பேச்சு நிகழ்கிறது என்பனவற்றைத் தெளிந்த பின்னரே அகப்பாடலின் பொருள் விளங்கும். தலைவி தோழியிடம் கூறுவதற்கும், தலைவன் சிறைப்புறத்தானாக நிற்க அவன் கேட்குமாறு கூறுவதற்கும் வேறுபாடு உண்டு. இவ்வளவுகோல் திரைப்படத்திற்கும் பொருந்துவதாகும். அழும் பெண், எதிர்க்கும் பெண் என்று பாத்திரங்களை வகைப்படுத்துவதைவிட, பேச்சின் களனையும் கேட்போரையும் காண்பது கூடுதல் பயன் தருகிறது.

வீட்டிற்குள் பெண் பேசும்போது கேட்போர் கணவனும் மாமியாருமே. நீதிமன்றமோ அரசவையோ களனாகும்போது அவள் பேச்சைக் கேட்போர் சமூகமாகிவிடுகின்றனர். திரையரங்கில் அமர்ந்திருப்போரும் அவையோருள் ஒருவராகின்றனர். வீட்டுக்குள் சொல்ல இயலாதவற்றை அவையில் சொல்ல இயலும் என்னும் நம்பிக்கை தமிழ்ப் பண்பாட்டில் வழக்குரை காதையிலிருந்தே வேரூன்றியிருக்கிறது.

கணவனுக்காக வழக்குரைத்தல்: கண்ணகி (1942)

ஜூபிடர் நிறுவனத்தின் கண்ணகியில் பி.யு. சின்னப்பா கோவலனாகவும் பி. கண்ணாம்பா கண்ணகியாகவும் நடித்தனர்; உரையாடலை இளங்கோவன் எழுதினார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா, இளங்கோவனின் செறிந்த தமிழைப் பாண்டியன் அவையில் முழங்கிய காட்சி நீண்டகாலம் நினைவுகூரப்பட்டது. பாட்டே படத்தின் உயிர் என்றிருந்த காலத்தில் உரைநடைப் பேச்சும் மக்களை ஈர்க்கும் என்று காட்டிய படங்களுள் இது குறிப்பிடத்தக்கது. பின்னர் திராவிட இயக்கத்தார் பெருமையுறச் செய்த அடுக்குமொழி வசனத்தின் முன்னோடிப் பேச்சு ஒன்று பெண்ணின் வாயிலிருந்து எழுந்தது என்பது கருதத்தக்கது.

எனினும் கண்ணகி தன்பொருட்டு வழக்குரைக்கவில்லை. மாதவியிடம் சென்று செல்வம் தொலைத்த கணவன்மீது அவளுக்கு வழக்கில்லை. கணவனைத் தவறாகக் கொன்ற அரசன்மீதே வழக்கு. அவளது சினத்திற்கு எல்லையில்லை. ஆனால் அச்சினத்தின் திசை வரையறுக்கப்பட்டது. அரசையே எரிக்கும் ஆற்றல் படைத்த பெண்ணைச் சமூகம் தெய்வமாக ஏற்றதற்கு அவ்வரையறையும் ஒரு காரணமாகும்.

கணவனுக்கு எதிராக வழக்குரைத்தல்: தியாகபூமி (1939)

கண்ணகிக்கு மூன்றாண்டுகள் முன்னரே, கே. சுப்பிரமணியத்தின் தியாகபூமி இவ்வரையறையை மீறியது. கல்கி எழுதிய இக்கதை, படக்காட்சிகளின் ஒளிப்படங்களுடன் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. எஸ்.டி. சுப்புலட்சுமி ஏற்ற சாவித்திரி, கணவன் ஸ்ரீதரனாலும் அவன் தாயாலும் கொடுமைக்கு ஆளாகிறாள். கருவுற்ற நிலையில் பிறந்தகம் திரும்பினால் தந்தை சம்பு சாஸ்திரி அங்கில்லை. பெற்ற குழந்தையை உறங்கும் தந்தையின் அருகே விட்டுச் செல்லும் அவள், பின்னர் உமாராணி என்னும் பெயரில் பெருஞ்செல்வியாகத் திரும்புகிறாள். அப்போது ஸ்ரீதரன் அவளைத் தன்னோடு வாழ ஆணையிடுமாறு வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள்.

இக்கூற்றின் கூர்மையை அக்காலச் சட்டப் பின்னணியில் வைத்தே அறிய இயலும். 1939இல் சென்னை மாகாண இந்துப் பெண்ணுக்கு மணமுறிவு கோரும் பொதுச்சட்டம் கிடையாது. தாம்பத்திய உரிமை மீட்பு வழக்கைக் கணவன் தொடுக்கலாம். பம்பாயில் 1880களில் நடந்த இருக்மாபாய் வழக்கு அதன் கடுமையை இந்தியா முழுவதும் அறியச் செய்திருந்தது. குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தனித்து வாழவும் வாழ்பொருள் பெறவும் மணமான இந்துப் பெண்ணுக்கு உரிமை தந்த சட்டம் 1946இல்தான் வந்தது. சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத் தடையையும் மணமுறிவையும் சட்டமாக்கியது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், கணவன் மனைவி இருவருள் எவரும் மற்றவரிடம் ஜீவனாம்சம் கோர வழிசெய்தது. எள்ளலாகவும் எதிர்ப்பாகவும் சாவித்திரி சொன்ன ஒன்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வளவு துணிந்த கூற்றுக்கும் படம் ஒரு புகலிடத்தை அமைத்தது. சாவித்திரி இறுதியில் செல்வத்தைத் துறந்து நாட்டு விடுதலைப் போராட்டத்தில் இணைகிறாள். ஸ்ரீதரனும் மனம் மாறி அப்போராட்டத்திற்கு வருகிறான். கணவன் மனைவியரிடையே தீராத வழக்கு தேசப்பணியில் கரைந்துவிடுகிறது. தன் உரிமைக்காகப் பேசத் தொடங்கிய பெண், தன்னைக் கடந்த ஒன்றிற்காகத் தன்னைத் துறப்பவளாக நிறைவுறுகிறாள். படத்தின் பெயரே அத்துறவைத்தான் குறிக்கிறது.

படத்தைப் பிரிட்டிஷ் அரசு பின்னர் தடை செய்தது. அத்தடையால் தியாகபூமி வரலாற்றில் முதன்மையாகத் தேசியப் படமாக நிலைபெற்றது. காந்தியம், தீண்டாமை எதிர்ப்பு, தடை ஆகியவை முன்னே நிற்க, சாவித்திரியின் வழக்குரை பெரும்பாலும் இரண்டாமிடத்தில் வைத்தே பேசப்படுகிறது.

வாக்குமூலமும் வாதமும்: பராசக்தி (1952)

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலில் வெளிவந்த பராசக்தியிலும் நீதிமன்றமே உச்சக்களன். ஸ்ரீரஞ்சனி நடித்த கல்யாணி கணவனையும் தந்தையையும் இழந்து, இட்லிக்கடை வைத்துப் பிழைக்க முயல்கிறாள். அடைக்கலம் தேடிய இடமெல்லாம் ஆண்களின் அத்துமீறலைச் சந்திக்கிறாள்; கோயிலில் பூசாரியும் அவ்வாறே நடக்கிறான். பசி தாளாது குழந்தையை ஆற்றில் எறிந்த குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறாள். அங்கே நீதிபதியாக அமர்ந்திருப்பவன் அவளுடைய அண்ணன் சந்திரசேகரன்.

கல்யாணி அவையில் பேசுகிறாள். தான் பட்ட துயரைத் தானே சொல்கிறாள். ஆனால் தமிழ்ச் சமூகம் மனப்பாடம் செய்தது அவளுடைய பேச்சையன்று. பூசாரியைத் தாக்கியதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறும் தம்பி குணசேகரனின் பேச்சே இசைத்தட்டாகவும் மேடைப்பேச்சாகவும் பரவியது. சிவாஜி கணேசன் என்னும் நடிகரை நிலைநாட்டியதும் அதுவே.

இரு கூற்றுகளுக்கும் தன்மையில் வேறுபாடு உண்டு. கல்யாணியின் கூற்று வாக்குமூலம். என்ன நடந்தது என்று சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. குணசேகரனின் கூற்று வாதம். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று அது வினவுகிறது. துயரம் பெண்ணுடையது, அத்துயரத்தைக் கோட்பாடாக்கும் உரிமை ஆணுடையது. சாவித்திரி ஒருத்தியே செய்த இரு செயல்களைப் பராசக்தி இருவருக்குப் பகிர்ந்தளித்துவிட்டது. கதையின் நடுவே தங்கையைக் கண்டறிந்த குணசேகரன், பைத்தியக்காரன் வேடத்தில் அவளைத் தொடர்ந்தும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாமல் இருக்கிறான். அண்ணன் பக்கத்தில் இருப்பதை அறியாமலே அவள் ஆற்றங்கரை வரை செல்கிறாள். இந்த மௌனத்தைப் பற்றிப் படம் அவனை நீதிமன்றத்தில் வினவவில்லை.

இதற்கு மாறாக, பண்டரிபாய் ஏற்ற விமலா வாதம் செய்யும் பெண். தன் குடும்பத் துயரை மட்டும் எண்ணிப் புலம்பும் குணசேகரனுக்குச் சமூகத்தின் துயரை எண்ணிப் பார்க்கக் கற்பிப்பவள் அவளே. அவனது நீதிமன்றப் பேச்சின் அரசியல் உள்ளடக்கத்திற்கு அவளும் ஒரு மூலம். ஆயினும் அவள் பேச்சு நிகழும் களன் வீடு, கேட்போன் ஒருவன். களன் மாறியதும் பேசுவோனும் மாறிவிட்டான்.

படம் எழுப்பிய எதிர்ப்பும் இதே போக்கில் சென்றது. தடை செய்யவேண்டும் என்ற முறையீடுகள் அரசுக்குச் சென்றன. தினமணி கதிர் ‘பரப்பிரம்மம்’ என்னும் தலைப்பில் எள்ளலாக விமர்சித்தது; அத்தலைப்பையே கருணாநிதி தம் நாடகம் ஒன்றிற்குச் சூட்டி விமர்சனத்திற்கு விடையளித்தார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை இப்படம் சந்தித்த எதிர்ப்பை விரிவாக ஆராய்கிறது. கோயிலை இழிவுபடுத்துகிறதா, அரசைத் தாக்குகிறதா, நாத்திகம் பரப்புகிறதா என்பனவே வழக்கின் மையமாயின. கைம்பெண் ஒருத்தி நகரத்தில் உழைத்து உண்ண ஏன் இயலவில்லை என்பது கதையின் தொடக்க வினா. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் வசனகர்த்தாவின் அரசியலில் கருத்தூன்றியதால் அவ்வினா பின்தள்ளப்பட்டது.

நாட்டுக்காகக் கணவனை மறுத்தல்: அந்த நாள் (1954)

எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள், பாடலே இல்லாத படம். 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய சூழலில் வானொலிப் பொறியாளன் இராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். காவல்துறை விசாரணையில் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் இராஜனை விவரிக்கின்றனர். எதிரிக்கு நாட்டைக் காட்டிக்கொடுத்த அவன், மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தே இறந்தான் என்பது இறுதியில் தெரியவருகிறது. உஷாவாக நடித்தவர் பண்டரிபாய்.

உஷா கல்லூரியில் படித்தவள், அரசியல் கருத்துடையவள், கணவனோடு கருத்துமாறுபடும் உரிமை தனக்குண்டு என்று கருதுபவள். கணவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டும் மனைவியை 1954இன் திரைப்படம் காட்டத் துணிந்தது வியப்புக்குரியது. அத்துணிவை இயலச் செய்தது நாடு என்னும் பொருளே. தன்னை ஏமாற்றி மற்றொருத்தியோடு உறவு கொண்டவனை அவள் சுடவில்லை. நாட்டை ஏமாற்றியவனுக்கு எதிராகவே துப்பாக்கியை ஏந்துகிறாள். தியாகபூமியின் இறுதியில் வந்த தேசம் இங்கே தொடக்கத்திலேயே பெண்ணின் செயலுக்கு உரிமம் வழங்குகிறது. முதல் வெளியீட்டில் வணிக வெற்றி பெறாத இப்படம் பிற்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்டது. அம்மதிப்பும் பாடலின்மை, கதை சொல்லும் முறை, ஒளிப்பதிவு ஆகிய புதுமைகளைச் சுற்றியே பெரிதும் அமைந்தது.

கணவன் வழங்கும் மறுமணம்

அதே 1954இல் வந்த இரத்தக்கண்ணீர், எம்.ஆர். இராதா பல்லாண்டுகள் மேடையேற்றிய திருவாரூர் தங்கராசுவின் நாடகத்திலிருந்து உருவானது. தொழுநோயுற்று அனைத்தையும் இழந்த மோகனசுந்தரம், தான் புறக்கணித்த மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணமுடிக்க முன்வருகிறான். கணவன் உயிரோடிருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்பது சீர்திருத்த நோக்கில் துணிவான முடிவு. ஆனால் அம்முடிவை அறிவிப்பவன் மோகனசுந்தரம். காலமெல்லாம் துன்புற்ற சந்திராவுக்குத் தன் வாழ்வைப் பற்றிய நீண்ட கூற்று ஒன்று வாய்க்கவில்லை. எம்.என். இராஜம் நடித்த காந்தாவோ கூரிய சொற்களால் மோகனசுந்தரத்தோடு ஈடுகொடுத்துப் பேசுகிறாள். அவளுக்குத் தண்டனையே முடிவாகிறது. குடும்பப் பெண்ணுக்குப் பேச்சில்லை. பேச்சுள்ளவள் குடும்பப் பெண்ணில்லை.

ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம் இதனை மறுபுறமிருந்து காட்டுகிறது. நோயுற்ற வேணு, தான் இறந்தால் மருத்துவன் முரளியை மணக்குமாறு மனைவி சீதாவிடம் கூறுகிறான். முரளி சீதாவின் முன்னாள் காதலன். ஆண் பெருந்தன்மையுடன் வழங்கும் இவ்வுரிமை தேவிகா நடித்த சீதாவுக்கு அவமதிப்பாகவே தோன்றுகிறது. மறுமணம் வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ இங்கு முதன்மையன்று. தன்னைக் கேளாமலே தன் எதிர்காலம் பேசப்படுகிறது என்னும் வேதனையும் அவளது மறுப்பில் உண்டு. அவ்வேதனையை வழக்காக்க அவளுக்கு அவையில்லை. பாடலும் கண்ணீருமே வாயில்கள். கணவனைக் காத்துத் தன்னுயிர் நீக்கும் முரளியின் தியாகம் படத்தின் இறுதியை நிறைக்கிறது.

இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரும் இப்படம் பெண்ணின் மணவாழ்வுச் சிக்கலை ஆண்களின் பெருந்தன்மையால் தீர்க்க முயன்றது. சட்டம் பெண்ணுக்கு அவையைத் திறந்தபோது, திரை அவளை வீட்டிற்கும் மருத்துவமனை அறைக்கும் திருப்பியது எனலாம்.

மீண்டும் கண்ணகி: பூம்புகார் (1964)

பூம்புகாரில் சி.ஆர். விஜயகுமாரி கண்ணகியாகப் பாண்டியன் அவையில் வழக்குரைத்தார், வசனம் கருணாநிதியுடையது. குணசேகரனுக்கு வாதத்தை எழுதிய எழுதுகோல் இப்போது ஒரு பெண்ணுக்கு வாதத்தை எழுதியது. அப்பேச்சு அவருடைய நடிப்பு வாழ்வின் உச்சமாகப் போற்றப்பட்டது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலம்பேந்திய கண்ணகிக்குச் சிலை எழுந்தது. வழக்குரைக்கும் பெண் தமிழ்நாட்டின் பொதுச் சின்னமானாள். கணவனுக்காக வழக்குரைத்த கண்ணகிக்கே அச்சிறப்பு வாய்த்தது.

மதிப்பீட்டின் சொற்கள்

1930களிலிருந்தே தமிழில் திரை விமர்சனம் வளர்ந்துள்ளது. ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கர்நாடகம் என்னும் புனைபெயரில் கல்கி எழுதியவை, இசை, நாட்டியம், திரைப்படம் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கிய தொடக்ககால எழுத்துகள். சினிமா உலகம், பேசும் படம், குண்டூசி முதலிய இதழ்கள் திரைக்கெனவே வெளிவந்தன. மறுபுறம், நடிக நடிகையரின் தனிவாழ்வைக் கிளறிய மஞ்சள் இதழியலும் இருந்தது. இந்துநேசன் இதழை நடத்திய இலட்சுமிகாந்தன் 1944இல் கொலையுண்டதும், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947இல் விடுதலையானதும் அறியப்பட்ட செய்திகள். இவ்விரு போக்குகளுக்கும் இடையில் நடிகையின் கலையும் அவளது ஒழுக்கமும் ஒன்றாகவே மதிப்பிடப்படும் சூழல் உருவானது. ‘குடும்பப்பாங்கான நடிகை’ என்னும் தொடர் நடிப்பைக் குறிக்கிறதா, நடிகையைக் குறிக்கிறதா என்று பிரித்தறிய இயலாது. நடிகனுக்கு இணையான தொடர் வழக்கில் இல்லை.

பட்டப்பெயர்கள் இம்மதிப்பீட்டின் சுருக்கங்கள். ஆண்களுள் எம்.ஜி.ஆர். ‘புரட்சி நடிகர்’, எஸ்.எஸ். இராஜேந்திரன் ‘இலட்சிய நடிகர்’, எம்.ஆர். இராதா ‘நடிகவேள்’, ஜெமினி கணேசன் ‘காதல் மன்னன்’. பெண்களுள் டி.ஆர். இராஜகுமாரி ‘கனவுக்கன்னி’, பி. சரோஜாதேவி ‘கன்னடத்துப் பைங்கிளி’, கே.ஆர். விஜயா ‘புன்னகை அரசி’, பத்மினி ‘நாட்டியப் பேரொளி’. கொள்கையைச் சுட்டும் பெயர்கள் ஆண்களுக்கு வாய்க்க, தோற்றம், குரல், முறுவல் ஆகியவற்றைச் சுட்டும் பெயர்கள் பெண்களுக்கு வாய்த்தன. பத்மினியின் பட்டம் கலையைச் சுட்டுகிறது. சாவித்திரியின் ‘நடிகையர் திலகம்’ நடிப்பையே போற்றுகிறது. ஆயினும் ‘நடிகர் திலகம்’ என்பதன் இணையாகவே அது ஒலிக்கிறது. விமலாவையும் உஷாவையும் நடித்து, கருத்துரைக்கும் பெண்ணுக்குத் திரையில் உருவம் தந்த பண்டரிபாய், பின்னாளில் பெரும்பாலும் பொறுமையே உருவான தாயாகவே நினைவில் நின்றார். தமிழ்த்திரை அவருக்கு ‘இலட்சிய நடிகை’ என்று பெயரிடவில்லை.

முடிவுரை

எடுத்துக்கொண்ட ஏழு படங்களையும் ஒருசேர நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. கணவனுக்காகவோ நாட்டுக்காகவோ பெண் பேசும்போது அவளுக்கு அவையும் சொல்லும் வெற்றியும் கிடைக்கின்றன. தனக்காகப் பேசும்போது அப்பேச்சு தியாகத்தில் கரைகிறது. அல்லது ஓர் ஆண் அதனை ஏற்று நடத்துகிறான். அல்லது அவைக்கே வராமல் பாடலாகிறது. விமர்சனமும் வரலாற்று நினைவும் இவ்வொழுங்கையே பின்பற்றின: ஆணின் வசனத்தைக் கருத்தாகவும் பெண்ணின் வசனத்தை உணர்ச்சியாகவும் கொண்டன.

இதனைக் காலத்தின் இயல்பு என்று ஒதுக்கிவிட இயலாது. 1939இலேயே சாவித்திரி தனக்காக நீதிமன்றத்தில் பேசியிருக்கிறாள். ஆகவே அடுத்துவந்த கால்நூற்றாண்டின் படங்கள் ஒரு சொல்லைக் கண்டறியத் தவறவில்லை. முன்னரே சொல்லப்பட்ட ஒன்றைத் தொடராமல் விட்டன. தியாகபூமியைத் தேசியப் படமாக மட்டுமன்றிப் பெண்ணின் வழக்குரையாகவும், பராசக்தியைக் குணசேகரனின் பேச்சாக மட்டுமன்றிக் கல்யாணியின் வாக்குமூலமாகவும் வாசிக்கும்போது தமிழ்த்திரை வரலாற்றின் விடுபட்ட பகுதி ஒன்று தெளிவுறும்.